எதிர்வீட்டில் தங்கிவிட்ட பை

"நீ வராம நான் ஆபரேஷன் ரூமுக்குள்ள போமாட்டேம்மா."

போன ஆடி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம், என் மகள் வித்யா போனில் இப்படிச் சொன்னாள். நான் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் இருப்பது ஜபல்பூரில். மாப்பிள்ளைக்குப் பட்டாளத்தில் வேலை. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. அந்த நேரம் பார்த்து அவரை எல்லைப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். தலைப்பிரசவம், எங்கள் காஞ்சிபுரத்து வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் ஏழாம் மாதமே அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அவ்வளவு தூரம் பயணம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். சரி, நாமே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த மாதத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். அன்று கால் வீங்குகிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனவளிடம், "குழந்தையைச் சுற்றி நீர் குறைந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தாள். அன்று ரயில் இல்லை, மறுநாள் ரயிலில் ஏறினால் எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும்.

நான் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. என் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் ஏறியதில்லை. இரண்டு பேரும் தறி போடுகிறவர்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு வாக்குக் கொடுத்த புடவை ஒன்று பாதியில் நின்றதால் அவர் உடனே கிளம்ப வழியில்லை. நான் மட்டும் போவதென்று முடிவானது. ஜபல்பூருக்கு நேர் விமானம் கிடையாது. ஐதராபாத்தில் இறங்கி மாற வேண்டும். அங்கிருந்து மதியம் ஒரே ஒரு விமானம்தான். அதை விட்டால் அன்றைக்கு வேறு இல்லை.

போனை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குக் குறைந்த கட்டண விமானங்கள் இரண்டு இருந்தன. ஒன்று காலை எட்டு மணிக்கு. இன்னொன்று மதியம் பன்னிரண்டே காலுக்கு. எட்டு மணி விமானத்தில் போனால் ஐதராபாத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். புத்தி உள்ளவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"திங்கக்கிழம ஏழரை ஒம்போது ராகு காலம் புவனா. அந்த நேரத்துல போயி ஆகாசத்துல ஏறுவியா? புள்ள பெத்துக்கப் போறவள பாக்கப் போற."

எனக்கும் மனம் ஒப்பவில்லை என்பதுதான் நிஜம். பத்தரை முதல் பன்னிரண்டு வரை எமகண்டம். பன்னிரண்டே கால் விமானம் இரண்டையும் தாண்டிக் கிளம்புகிறது, எங்களுக்காகவே விட்ட மாதிரி! அதை எடுத்தோம். ஐதராபாத்திலிருந்து போகிற டிக்கெட்டைத் தனியாக எடுத்தோம். நடுவில் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொரு பஸ்ஸில் ஏற எனக்குக் கால் மணி நேரம் போதும். ஒன்றேகால் மணி என்பது தாராளம் என்று நினைத்தேன்.

டிக்கெட்டை வித்யாவுக்கு அனுப்பினதும் அவள் கத்தினாள்.

"யம்மா, இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? ரெண்டும் தனித்தனி டிக்கெட்டு. உன் பைய அவங்களே அடுத்த பிளேனுக்கு மாத்த மாட்டாங்க. நீதான் எறங்கி, பை வர்ற வரைக்கும் நின்னு, எடுத்துக்கினு வெளிய வந்து, சுத்திக்கினு மேல போயி, திரும்பக் கவுன்டர்ல குடுக்கணும். பிளேன் கெளம்ப ஒரு மணி நேரம் முன்னாடியே கவுன்டர மூடிடுவாங்க. உனுக்கு ஏதும்மா நேரம்?"

காலை விமானத்துக்கு மாற்றலாம் என்று பார்த்தால் அதில் இடம் தீர்ந்துவிட்டது.

"பையே வேணாம்மா. கைப்பையோட வந்துடு" என்றாள்.

"தலப்பிரசவத்துக்கு வர்ற அம்மா வெறுங்கையோடவா வருவா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்றேன்.

அங்கே நாலு பேர் யார் இருக்கிறார்கள் என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பிரசவ லேகியம், சுக்கு, மலைப்பூண்டு, கருப்பட்டி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணிகள் என்று என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பை கட்டினேன்.

அன்று சாயங்காலம் காமாட்சி கோயிலுக்கு ஓடினேன். ஆடி ஞாயிறு, கூட்டம் சொல்லி மாளாது. இடிபட்டு நசுங்கி உள்ளே போய் அம்பாளைப் பார்த்ததும் அதுவரை அடக்கிவைத்த அழுகை வந்துவிட்டது. என்ன கேட்பதென்று ஒழுங்காக வார்த்தை வரவில்லை. "நடுவுல எது தடங்கலா இருந்தாலும் எடுத்துப் போட்டுட்டு என்ன என் பொண்ணாண்ட சேத்துடும்மா" என்று மட்டும் கேட்டேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. பன்னிரண்டே கால் விமானத்துக்குக் காஞ்சிபுரத்திலிருந்து எட்டு மணிக்காவது கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் வர முடியாதென்று கார்க்காரர் சொல்லிவிட்டார். எட்டு மணி ராகு காலம்! விமானத்துக்குப் பார்த்துப் பார்த்துத் தள்ளிவிட்ட ராகு காலம் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. எனக்குச் சிறு வயதிலிருந்தே எதையும் ஏன் எதற்கு என்று குடைந்து கேட்கிற புத்தி. வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வருகிற பெண்கள் என்னைக் கேள்வி புவனா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றும் கேட்டேன்.

"ஏங்க, பயணம்னா எதுங்க? வாசப்படி தாண்டறதா, பிளேன்ல ஏறி ஒக்கார்றதா, பிளேன் தரையை விட்டுக் கெளம்பறதா?"

"பரஸ்தானம் வெச்சுடலாம்" என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், பயணத்துக்குக் கொண்டுபோகும் பொருள் ஒன்றை மட்டும் நல்ல நேரத்திலேயே வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். பயணம் அப்போதே ஆரம்பித்துவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. போகிற வழியில் பொருளை எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் விடிந்ததும் அவர் அந்தப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு லட்சுமக்காவின் பூஜை அறையில் வைத்துவிட்டு வந்தார். லட்சுமக்காவுக்கு வீட்டில் தெலுங்கு. அவரோடு பழகிப் பழகி எனக்கும் ஓரளவு தெலுங்கு பேச வரும்.

எட்டு மணிக்குக் கார் வந்தது. தெருவே வாசலில் நின்றது. லட்சுமக்கா வந்து குங்குமம் வைத்து, "பத்திரமா போயி பேரப்புள்ளய தூக்கிக்கினு போட்டோ அனுப்பு" என்றார். இவர் முன்சீட்டில் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். கார் கிளம்பியது.

விமான நிலைய வாசலில் டிரைவர் டிக்கியைத் திறந்தார். டிக்கி காலி!

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பை விடிகாலையிலேயே கிளம்பிவிட்டது என்ற கணக்கு எங்கள் மனதில் அவ்வளவு உறுதியாகப் பதிந்துவிட்டது. கிளம்பின பையை யார் தேடுவார்கள்? குங்குமம் வைத்து வழியனுப்பிய லட்சுமக்காவுக்கே நினைவு வரவில்லை. போன் போட்டோம்.

"ஐயோ புவனா! பை இங்க சாமிகிட்ட குந்திக்கினு கீதே!" என்றார்.

இப்போது சிரிப்பு வருகிறது. அன்று அந்த இடத்திலேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க, நான் இவரோடு சண்டை போட்டேன்.

"ராகு காலம், எமகண்டம்னு ஊருக்கே நேரம் பாத்தீங்களே, ஒரு பைய பாக்கத் தெரியலியே!"

"நீ எடுத்து வெச்சிருப்பேன்னு நெனச்சேன் புவனா."

"நீங்கதான கொண்டு போயி வெச்சீங்க?"

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. திரும்பிப் போய் எடுத்துவர நேரமில்லை. டிக்கெட் இல்லாத அவரை உள்ளே விட மாட்டார்கள். கோபத்தோடு சரியாகச் சொல்லிக்கொள்ளாமல்கூட உள்ளே போய்விட்டேன். ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். அம்பாளிடமும் சண்டை போட்டேன். "தடங்கல எடுன்னு கேட்டேன். நீ என் பைய எடுத்துக்கினியே? இதுதான் நீ கேட்ட லட்சணமா?" என்று மனதுக்குள் கேட்டேன். அவ்வளவு உரிமை எனக்கு அவளிடம் உண்டு.

விமானத்தில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. என் பக்கத்தில் ராணிப்பேட்டைப் பக்கத்து அம்மா ஒருவர், ஸ்டெல்லா என்று பெயர். அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கணவர். அவர்களும் ஜபல்பூருக்குத்தான், அதே மதிய விமானத்தில், என்னைப் போலவே தனித்தனி டிக்கெட். கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. பன்னிரண்டே கால் ஆனது. விமானம் நகரவில்லை. ஏதோ அனுமதி வர வேண்டும் என்று அறிவித்தார்கள். நகர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது. முன்னால் வேறு விமானங்கள் வரிசையில் நின்றன. விமானத்துக்கும் கியூ உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டெல்லா அம்மா கழுத்தில் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு, "ஏசப்பா, ஏசப்பா" என்று முணுமுணுத்தார். நான் கோயில் குங்குமப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, "காமாட்சி, காமாட்சி" என்று முணுமுணுத்தேன். ஒரே விமானத்துக்காக இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து இழுத்தோம்.

ஒருவழியாகக் கிளம்பி ஐதராபாத்தில் இறங்கும்போது அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் பாதி போய்விட்டிருந்தது. கதவு திறந்ததும் ஓடினேன். முட்டிவலிக்காரி நான், அன்று அந்த முட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. பைகள் வருகிற பெல்ட் பக்கம் கும்பல் நின்றது. பெல்ட் இன்னும் சுற்றவே ஆரம்பிக்கவில்லை. ஸ்டெல்லா அம்மாவும் அவர் கணவரும் அங்கே போய் நின்றார்கள். எந்தப் பக்கம் போவதென்று புரியாமல் நான் அங்கிருந்த சீருடைப் பெண்ணிடம் போனை நீட்டினேன். அவர் இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. வாயில் தானாகத் தெலுங்கு வந்தது.

"அம்மா, நா கூத்துரு ஒக்கத்தே உந்தி." என் மகள் தனியாக இருக்கிறாள் என்றேன். நாளைக்கு ஆபரேஷன் என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

போனில் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த என் போர்டிங் பாஸை அந்தப் பெண் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"பேக் உந்தா?" பை இருக்கிறதா என்று கேட்டார்.

"லேது" என்றேன். இல்லை.

"ஐதே இட்டு ரண்டி." அப்படியானால் இந்தப் பக்கம் வாங்க என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

பை இருந்திருந்தால் பெல்ட்டுக்குக் காத்திருந்து, வெளியே போய், சுற்றி வர வேண்டும். அப்படி வந்திருந்தாலும் கவுன்டர் ஏற்கெனவே மூடிவிட்டது. பை இல்லாதவர்களுக்கு உள்ளேயே ஒரு குறுக்கு வழி இருந்தது. சோதனை முடித்து, நீள நீளமான நடைபாதைகளில் ஓடி, கேட்டை மூட ஒருவர் கை வைக்கும்போது போய்ச் சேர்ந்தேன். என்னை அங்கே விட்டுவிட்டு அந்தப் பெண் மூச்சு வாங்க நின்றார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நடுவில் நின்ற தடங்கல் எது? ராகு காலமா? இல்லை. விமானம் தாமதமானதா? தாமதமாகியும் இதில் ஏறிவிட்டேனே. தடங்கல் நானே பார்த்துப் பார்த்துக் கட்டிய பை. கொண்டு போகாதே என்று பெற்ற மகள் சொல்லியும் விடமாட்டேன் என்று நான் பிடித்துக்கொண்ட பை. எடுத்துப் போடு என்று அம்பாளிடம் கேட்டேன். எடுத்துப் போட்டுவிட்டாள். அதற்குத்தான் நான் அவளைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்!

விமானம் நகர ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் நினைவு வந்தது. அந்தச் சுருங்கின முகம் கண்ணில் நின்றது. தொடர்ந்து ஸ்டெல்லா அம்மாவின் நினைவு. எட்டி எட்டிப் பார்த்தேன். அவர்கள் ஏறவில்லை. எனக்கிருந்த சந்தோஷத்தில் பாதி இறங்கிவிட்டது. அந்த அம்மாவும் என்னைப் போலத்தானே கூப்பிட்டார்? என் குரல் கேட்டது, அவர் குரல் கேட்கவில்லை என்றால் அது என்ன நியாயம்? ஊரில் எல்லாவற்றையும் குடைந்து கேட்கிறவள், அவர்கள் எதற்காக ஜபல்பூர் போகிறார்கள் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். என் கவலையையே பேசிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வித்யாவைப் பார்த்தேன். என்னைப் பார்த்த நொடியில் அவள் கதறி அழுதாள். நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். கதவு மூடினதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது எனக்கு இந்தி புரிந்தது!

அங்கே லேகியத்துக்கும் குறைவில்லை. பட்டாளக் குடியிருப்புப் பெண்கள், நெய்யும் பிசினும் போட்டு உருட்டிய லட்டைக் கொண்டுவந்து கொடுத்து, சாப்பிட்டால்தான் ஆயிற்று என்று வித்யாவை மிரட்டினார்கள். பிறகு இவர் புடவையை முடித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்து சேர்ந்தார். பேத்தியைப் பார்த்து அவர் அழுதபோது நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். மறந்தே போயிருந்தார்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் அம்பாள் அருளுக்கு நான் சொல்லும் சாட்சி முடிந்துவிடும். விளக்கு பூஜையில் முதல் தடவை சொன்னபோது அங்கேதான் நிறுத்தினேன். ஆனால் என்னை உண்மையில் மாற்றியது அதற்குப் பிறகு நடந்த ஒரு பேச்சு.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மதியம், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வித்யாவிடம் பையின் கதையையும், ஸ்டெல்லா அம்மா ஏற முடியாமல் போனதையும் சொல்லி, "நம்ம கூப்டது காமாட்சி காதுல வுழுந்துச்சு. அவங்களுது ஏன் வுழல? எனுக்கு அது மட்டும் புரியலடி" என்றேன்.

அவள் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள்.

"யம்மா, உன் டிக்கெட்ட பாத்ததுமே நீ அந்த பிளேன வுட்டுடுவேன்னு எனுக்குத் தெரிஞ்சு போச்சு. அதனால உன்ன கொண்டாந்து சேருன்னு நான் கேக்கவே இல்ல. எங்கம்மா வர முடியாது, தனியா உள்ள போற தைரியத்த குடுன்னுதான் ஞாயித்துக்கிழம ராத்திரி முழுக்கக் கேட்டுக்கினு இருந்தேன்."

"குடுத்தாளா?"

"குடுத்தாம்மா. திங்கக்கிழம காலைல எழுந்தப்ப பயமே இல்ல. நீ வராட்டியும் உள்ள போயிருப்பேன்."

"அப்புறம் எதுக்குடி என்னப் பாத்ததும் அப்படி அழுத?"

"போயிருப்பேன்னு சொன்னேன். நீ வேணாம்னு எப்பம்மா சொன்னேன்?" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சகோதரிகளே, நான் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நான் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அம்பாள் என் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் அந்த விமானத்தைத் தவறவிட்டிருந்தாலும் என் மகள் அனாதையாக உள்ளே போயிருக்க மாட்டாள். அப்படியானால் பெல்ட் பக்கத்தில் நின்றுவிட்ட ஸ்டெல்லா அம்மாவுக்கும் ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். என்ன கிடைத்ததென்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. என்றைக்காவது அவரைப் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.

நான் இன்னும் கேள்வி புவனாதான். எங்கள் வீட்டுக்காரர் இன்னும் நாள்காட்டி பார்க்கிறார், நானும் தடுப்பதில்லை. ஆனால் முன்பெல்லாம் விளக்கேற்றும்போது அம்பாளுக்கு நான்தான் வழி சொல்லிக்கொடுப்பேன், இதை இப்படிச் செய், அதை அப்படிச் செய் என்று. இப்போது என் கஷ்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். நீங்களும் உங்கள் கஷ்டத்தை அவளிடம் சொல்லுங்கள். அழுது சொல்லுங்கள், சண்டை போட்டுச் சொல்லுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நீங்கள் உயிராக நினைக்கிற யாரோ ஒருவர் எங்கேயோ தொலைவில் தனியாக இருந்தால், உங்களால் போக முடியாவிட்டால், பயப்படாதீர்கள். நீங்கள் கிளம்பும் முன்பே அவள் அங்கே போய் உட்கார்ந்திருப்பாள்.